முதலில் பேசிய மந்திரி

நாளைக்குப் பள்ளிக்கூடக் கமிட்டி கூடுறதுக்கு முன்னாடி, பெற்றோர்களே, ஒரு சின்னக் கதை சொல்லிடுறேன். கொஞ்சம் காது குடுங்க. கதைதான்... ஆளும் பேரும் நான் வெச்சது.

பிரான்சு தேசத்துல பேரரசர் ஆட்சி நடந்த காலம். போர் நடக்குது. தோல்விமேல தோல்வி. பழைய மந்திரிசபையைக் கலைச்சுட்டு, அவசர அவசரமா புதுசு ஒண்ணு போட்டாங்க. நாற்காலி சூடாகலை... அதுக்குள்ள ஒரு கேள்வி. மிச்சமிருக்கிற படை முன்னேறுறதா, இல்ல தலைநகருக்குத் திரும்பி வர்றதா?

முன்னேறினா எதிரி வளைச்சுடுவான். திரும்பினா? தோத்து ஓடி வர்றாங்கன்னு ஜனம் தெருவுல இறங்கிடும், மந்திரிசபை கவிழ்ந்துடும். அந்தப் பயம் இவங்களுக்கு!

அதுல பெர்தியேன்னு ஒரு மந்திரி. அவரோட ஒரே பையன் லூசியன் அந்தப் படையில சிப்பாய். பெத்த மனசு என்ன பாடு படும்? சோறு இறங்கலை. தாழ்வாரத்துல போற மந்திரியை எல்லாம் நிறுத்தி, "ஐயா, நீங்க என்ன நினைக்கிறீங்க?"ன்னு கேட்டார். ஒவ்வொருத்தரும் அக்கம்பக்கம் பார்த்துட்டு, "திரும்பி வர்றதுதான் நல்லது. என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க"ன்னாங்க.

சபை கூடுச்சு. அங்க ஒரு வழக்கம். கடைசியாப் பதவி ஏத்தவர்தான் முதல்ல பேசணும். பெரியவங்க முதல்ல பேசிட்டா மத்தவங்க ஆமாம் போட்டுடுவாங்களேன்னு வெச்ச வழக்கம். நல்லதுதானே?

கடைசியா ஏத்தவர் யாரு? பெர்தியே!

"பெர்தியே... சொல்லுங்க."

எழுந்தார். உள்ளுக்குள்ள என்ன ஓடுது? 'திரும்பட்டும்னு நான் சொன்னா, பையனைக் காப்பாத்தப் பார்க்கிறான்பாங்க. ஒப்புக்கு மாத்திச் சொல்லி வைப்போம். பெரியவங்க எல்லாம் நம்ம பக்கம்தானே... அவங்க தடுத்துடுவாங்க.'

சொன்னார். "படை... முன்னேறட்டும்."

அடுத்தவர்? "முன்னேறட்டும்." அதுக்கடுத்தவர்? "முன்னேறட்டும்." ஒருத்தர் பாக்கியில்லை!

வெளியே வந்ததும் மூத்த மந்திரியை வழி மறிச்சார். "ஐயா! தாழ்வாரத்துல வேற மாதிரி சொன்னீங்களே!"

"பெத்தவர் நீங்க. நீங்களே போகட்டும்னுட்டீங்க. அப்புறம் நான் எந்த வாயால வேண்டாம்னு சொல்றது?"

எதிரி படையை வளைச்சுட்டான். ஜனம் கொதிச்சு எழுந்துச்சு. மந்திரிசபை ஒரு மாசம்கூடத் தாங்கலை. எந்த நாற்காலிக்குப் பயந்தாங்களோ, அதுவும் போச்சு. லூசியன்... வரலைங்க.

இதை ஏன் சொல்றேன்? நம்ம பள்ளிக்கூட ஹால் கூரையில விரிசல். ஆண்டு விழாவை அங்கேயே வெச்சுக்கலாமான்னு நாளைக்குக் கமிட்டியில நம்மளைக் கேட்கப் போறாங்க. இப்ப உள்ளே வரும்போது எத்தனை பேர் என் காதுல, "பயமா இருக்கு சார்"னு சொன்னீங்க? காதுல சொன்னா யாருக்குக் கேட்கும்? அவர் சொல்லுவார்னு நீங்க, நீங்க சொல்லுவீங்கன்னு அவர்... பெத்தவங்க நாமளே தலையாட்டிட்டா, அதுக்கு மேல யார் தடுப்பாங்க?

எனக்கும் பயம்தான். என் பொண்ணும் அந்த மேடையில ஆடுறா. அதனால முதல் ஆளா நான் சொல்றேன்... வேண்டாம்! அந்த ஹால் வேண்டாம்!

அடுத்தது யாரு? எழுந்திரிங்க.