நாற்பதாவது டிக்

சுரங்கத்து ஷிப்ட் பஸ்கள் போகட்டும் என்று எங்கள் பஸ்ஸை மந்தாரக்குப்பம் முனையில் நிறுத்தியிருந்தார்கள். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி ஆஸ்பத்திரி நீலப் புடவையில் இருந்தாள். மற்றவள் மடியில் கத்தரிக்காய்க் கூடை.

"நேத்து எங்க ஆஸ்பத்திரியில ஒரு டியூப் ரிட்டயர் ஆயிடுச்சுக்கா" என்றாள் நீலப் புடவைக்காரி.

"டியூபு எப்பிடிடி ரிட்டயர் ஆவும்?"

"ஆபரேஷனுக்கு மயக்கம் குடுத்தா, மூச்சு வுட தொண்டையில ஒரு டியூப் வெப்பாங்க. ஒவ்வொரு தடவையும் அதக் கழுவி, மெஷின்ல ஆவி குடுத்து, அதோட கார்டுல நான் ஒரு டிக் போடணும். நாப்பது டிக் வந்துட்டா தூக்கிப் போட்டுடணும்."

"போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சே, கார்டை."

"அப்ப டியூபு?"

"அதுக்குப் புதுக் கார்டு எழுதிட்டாரு சூப்பர்வைசரு. இன்னிக்குக் காலையில மொத டிக் போட்டுட்டு வர்றேன்."

"அடிப்பாவி! ஓரமெல்லாம் வெடிச்சிருக்காது?"

"வெடிச்சுக்கினுதான் இருக்கு. நானும் காட்டினேன். அவரு டியூபப் பாக்கவே இல்ல. 'கார்டப் பாரும்மா, புத்தம் புதுசு'ங்கறாரு."

கூடைக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. "பதினாலு வருஷமா அங்கயே கெடக்குற. நீ சொன்னா கேக்க மாட்டாங்களா?"

நீலப் புடவைக்காரி கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"கான்ட்ராக்ட்டுக்கா. வருஷா வருஷம் புதுசு குடுத்துடுவாங்க. இதுல பாரு, நான் வேலைக்குச் சேந்ததே போன மாசந்தான்."