சிவபாண்டிக்கு விட்ட இடம்

— செத்த இடது பக்கம் நகரு, செல்வி. இன்னும். ஆங், போதும். சந்தனக்கா, நீங்க ஏன் மகளை ஒட்டிக்கிட்டு வாரீய? நடுவுல ஒரு ஆளு நிக்க இடம் விடணும்லா.

— விட்டுட்டுத்தான நிக்கேன், சாம்சன் தம்பி.

— இது ஆளு நிக்க இடமா? ஒரு கொடம் வைக்கலாம். உங்க மவன் சிவபாண்டி நல்ல தோளு உள்ள ஆளு, சுவத்துல படத்தைப் பாத்தேன். ரெண்டு பக்கமும் இடிச்சுக்கிட்டா நிப்பான்?

— இப்பச் சரியா?

— சரி. அக்கா வீட்டுக்காரருக்கு அந்தக் கடைசி. செல்வி, தலையைத் தூக்கும்மா. தேவதானத்துல மாமியா வீட்டுல மாட்டப்போற படம். தரையில என்னத்தத் தேடுத?

— ஒண்ணுமில்லண்ணே.

— அவ அப்படித்தான் தம்பி. கேமராவைக் கண்டா மண்ணைப் பாப்பா. நிச்சயதார்த்த ஆல்பத்தைப் பாரு, அம்புட்டுப் படத்துலயும் உச்சி வகிடுதான் தெரியும். மாப்பிள்ளை வீட்டுல வெக்கம்னு நெனச்சுக்கிட்டாவ. ஏட்டி, அப்பா மில்லுல இருந்து வரதுக்குள்ள போயி அந்தப் பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டு வா.

— இதுவே போதும்மா.

— அண்ணன் பக்கத்துல நிக்கப்போற. வீட்டுச் சேலையோடயா?

— அண்ணனைக் கட்டாயம் சேக்கணுமாம்மா?

— நீ கட்டிப் போயிட்டா, இந்த வீட்டுல நாலு பேரும் சேந்து நின்ன படம்னு ஒண்ணு கெடையாது. இருக்கும்போது எடுக்கத் தோணல. இப்பவாச்சும் எடுக்கணும். போ.

— சரிம்மா.

— ரொம்பப் பேசாத பிள்ளையா இருக்கே அக்கா. சரி, சிவபாண்டி படத்தைக் குடுங்க.

— அந்தா சுவத்துல இருக்குல்லா.

— அது தலையும் தோளுந்தான். அதுலயும் பாதியை மாலை மறைச்சிருக்கு. எனக்குக் காலு வரைக்கும் வேணும்.

— இடுப்புக்கு மேல போதாதா?

— கேட்டுக்கோங்க. நீங்க மூணு பேரும் காலோட நிப்பீய, அவன் மட்டும் இடுப்போட நிப்பானா? அந்தச் சுவத்துப் படத்தை எவனோ வெட்டி எடுத்திருக்கான். வெட்டாதது ஒண்ணு இருக்கும்லா.

— இருக்கு. என் போனுல வச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரவியகிட்டக் கூடக் காட்டுனதில்ல. இந்தா.

— நல்ல சிரிப்புக்கா. எங்க எடுத்தது? கண்மாயா?

— மதகுகிட்ட. அன்னிக்குத்தான். இது எடுத்த கொஞ்ச நேரத்துல தண்ணிக்குள்ள எறங்கியிருக்கான்.

— ஆண்டவரே. மன்னிச்சுக்கோங்க. வேலையைப் பாப்போம். கேமரா ஸ்டாண்டை எறக்கணும்.

— ஏன், இப்ப நல்லாத்தான இருக்கு?

— உங்களுக்கு நல்லாருக்கு. உங்க கண்ணு உயரத்துக்கு வச்சிருக்கேன். ஆனா இவனை எடுத்த உயரம் வேற. பாருங்க, தாடைக்கு அடி தெரியுது, மூக்கு ஓட்டை தெரியுது. கீழ இருந்து அண்ணாந்து எடுத்த படம். இதைக் கொண்டாந்து உங்க நடுவுல ஒட்டுனா, நீங்க தரையில நிப்பீய, அவன் மட்டும் மிதப்பான்.

— மிதக்க வேண்டாம் தம்பி. அவன் மிதந்ததைப் பாத்தவ நான்.

— அதுக்குத்தான் சொல்றேன். அவனை எடுத்த உயரத்துலயே உங்களையும் எடுத்தா, கூடச் சேந்து நிப்பான். இருங்க, நெஞ்சு உயரம் பாப்போம். ஊஹூம். இன்னும் எறக்குறேன். இதுவும் இல்ல. இப்ப உங்க இடுப்புக்கு வந்தாச்சு. ஆங், இப்பத்தான் கிட்டத்துல வருது. யாருக்கா இதை எடுத்தது? உக்காந்துக்கிட்டு எடுத்தாவளா?

— யாரும் இல்ல. தனியாத்தான் போனான். போனை மதகுக் கல்லுல சாத்தி வச்சு, அதுவா எடுத்திருக்கும்னு சுவத்துப் படத்தைப் பாத்துட்டு எல்லாரும் சொன்னாவ.

— படம் லேசா ஆடியிருக்கேக்கா. கல்லு ஆடுமா?

— எனக்கு அதெல்லாம் தெரியாது.

— அதோட இந்தா, கால்மாட்டுல ஒரு நிழல் கெடக்கு. குட்டை நிழல். தலையில ரெண்டு பக்கமும் காது மாதிரி என்னமோ...

— சாம்சன், அதைப் பெருசாக்காத.

— காது இல்ல. மடிச்சுக் கட்டுன ரெட்டைச் சடை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாரோ கையில போனைப் பிடிச்சு...

— தெரியும்.

— தெரியுமா?

— அதுக்குத்தான் வெட்டுனது. ஸ்டூடியோவுல கூடவே நின்னு, தலையும் தோளும் போதும்னு நாந்தான் வெட்டச் சொன்னேன். இந்த ஊரு போட்டோக்காரவியளுக்கு எங்க வீட்டுக் கதை தெரியும், நோண்டுவாவன்னுதான் உன்னை ராஜபாளையத்துல இருந்து வரவச்சேன். நீ அவியளுக்கு மேல இருக்க.

— அப்ப இதை எடுத்தது நம்ம செல்வியா?

— மெதுவாப் பேசு. அவளுக்கு அப்ப ஒம்பது வயசு. டியூசன் போயிட்டு வந்தேன்னு சொல்லி மூலையில உக்காந்துட்டா. பாவாடை முட்டி வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு. ஊருல ஒரு பொட்டு மழை இல்ல. என்ன ஏதுன்னு கேக்கதுக்குள்ள, சிவபாண்டி போனு மதகுல கெடக்குன்னு ஆளு வந்துருச்சு. எல்லாரும் ஓடுனாவ. நான் பாவாடையை அலசிப் போட்டுட்டுத்தான் ஓடுனேன்.

— அலசிட்டா?

— அலசிட்டுத்தான். அவிய அப்பா பாத்தா என்ன கேப்பாவன்னு எனக்குத் தெரியும். கூடவே இருந்தியே, ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதான்னு கேப்பாவ. ஒரு தடவை கேட்டா, அவ சாகுற வரைக்கும் அது காதுல கேட்டுக்கிட்டே இருக்கும். ஒண்ணைத் தண்ணிக்குக் குடுத்தாச்சு. இன்னொண்ணையும் குடுக்கச் சொல்றியா?

— நீங்களும் அவகிட்டக் கேக்கலையா?

— அவளாச் சொல்லுவான்னு இருந்தேன். சொல்லல. பொறவு, சின்னப்பிள்ளை, மறந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

— மறந்தவளாக்கா கேமராவைக் கண்டா மண்ணைப் பாக்குதா?

— நீ படம் எடுக்க வந்தியா, என்னைக் குத்த வந்தியா?

— தப்புத்தான். ஸ்டாண்டைப் பழையபடி ஏத்திருதேன். கொஞ்சம் மிதந்தாலும் பரவாயில்ல, யாரு கண்டுபிடிக்கப் போறா.

— ஏத்தாத. எனக்குத் தெரியும்லா. எம்பிள்ளை தரையில நிக்கணும், தங்கச்சி பக்கத்துல. இந்த உயரத்துலயே இருக்கட்டும். ஏன் இம்புட்டுக் கீழன்னு அவ கேட்டா, சேலைக் கரை நல்லா விழணும்னு சொல்லிரு. யாரு எடுத்ததுன்னு மட்டும் வாயத் தொறந்துறாத. அவ நிம்மதியாப் போகட்டும்.

— ஆண்டவர் சத்தியமாத் தொறக்க மாட்டேன்.

— கொலுசுச் சத்தம் கேக்கு. போனைக் குடு, போனைக் குடு.

— வா செல்வி. சேலை அமோகமா இருக்கு. அந்தப் பழைய இடத்துலயே போயி நில்லு.

— ஸ்டாண்டு ஏண்ணே கீழ போயிருச்சு?

— அது வந்து, சேலைக் கரை நல்லா விழணும்லா. அதான்.

— அண்ணனோட எந்தப் படத்தைச் சேக்கப்போறீய?

— சுவத்துல இருக்கதைத்தான்டி. வேற எது இருக்கு?

— அதுல காலு இல்லையேம்மா.

— காலெல்லாம் இவரு கம்ப்யூட்டர்ல வரைஞ்சுக்குவாரு. என்ன தம்பி?

— ம்... ஆமாம்மா. வரைஞ்சுக்கலாம்.

— ஏட்டி, எங்க போற? அங்க நிக்கச் சொன்னா கேமராகிட்டப் போயி என்ன பண்ணுத? அப்பா வாரதுக்குள்ள வந்து நில்லுட்டி.

— சாம்சண்ணே, இந்தத் திருகைக் கழட்டுங்க. இன்னும் ஒரு சாண் எறக்கணும். அன்னிக்கு நான் இம்புட்டு உயரத்துலதாம்மா போனைப் பிடிச்சிருந்தேன்.