வெர்டெல் வீட்டுத் தொலைபேசி

துக்க வீட்டுக்கு எல்லோரும் ஒரே பண்டத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். வெர்டெல் வீட்டில் முதல் நாளே சீஸ் போட்ட மக்ரோனி மேசை கொள்ளாமல் சேர்ந்துவிட்டது. தொட்டுக்கொள்ள ஒரு துண்டு கோழி இல்லை. அப்புறம்தான் யார் எதைச் சமைப்பது, யார் எப்போது கூட இருப்பது என்று நான் முறை வைத்தேன். எங்கள் தேவாலயச் சபையில் அந்த வேலை எப்போதும் என்னுடையதுதான். நகரசபையில் சம்பளத்துக்குச் செய்வதும் ஏறக்குறைய அதேதான். மக்கள் தொடர்பு அதிகாரி என்று கதவில் எழுதியிருக்கும். அந்த மேல்மாடியில் கறுப்பு முகம் என்னுடையது ஒன்றுதான்.

வெர்டெலின் மகன் ராண்டில் டயர் கடையில் வேலை பார்த்தான். நூலகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் போலீஸ்காரர் ஒருவர் அவனைச் சுட்டார். அவன் கையில் என்னவோ பளபளத்தது என்பது அவர் சொன்னது. அவர் சட்டையில் மாட்டியிருந்த கேமரா அன்றைக்கென்று ஓடவில்லை. மறுநாள் காலை மேயர் என்னைக் கூப்பிட்டு, "ஊரே உங்களை நம்புது, மேவிஸ். அந்தம்மா கூடவே இருங்க" என்றார். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது விசாரிக்க வந்திருக்கிறீர்கள், உங்கள் ஒலிப்பதிவுக் கருவியில் இது தெளிவாகப் பதியட்டும்.

ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும் ஊரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே இப்படி ஒன்று நடந்தபோது மூன்று தெரு எரிந்தது. எரிந்தது எங்கள் ஜனங்களின் கடைகள்தான். மருந்துக்கடை இன்னும் திரும்பி வரவில்லை. சர்க்கரை வியாதிக்காரர்கள் பேருந்து பிடித்து இங்கே வருகிறார்கள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்தவள் தொலைபேசியைத் தொடக்கூடாது. சபைப் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து எடுப்பாள், நன்றி சொல்வாள், தெரிவிக்க வேண்டியதைப் பிறகு தெரிவிப்பாள். வெர்டெல் தானாகவே தன்னுடையதை என் மடியில் வைத்தார்.

"நீயே வெச்சுக்க, சிஸ்டர். மணி அடிச்சாலே அவன்தான் கூப்பிடறான்னு கை போயிடுது."

அடக்கம் முடிந்த வாரம் டாப்னி என்ற வக்கீல் கூப்பிட்டார். நூலகத்தின் பின்சுவரில் ஒரு கேமரா இருக்கிறது என்றார். எனக்கு அது தெரியும். புத்தகம் திருப்பிப் போடும் பெட்டிக்குள் யாரோ குப்பை போடுகிறார்கள் என்று மாட்டியது. அப்போது விசாரிக்க வந்தவர்கள் எதிரே பெட்ரோல் போடும் இடத்தில் கேட்டுவிட்டுப் போனார்களே தவிர, இந்தப் பக்கம் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஒரு மாதம் போனால் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். குடும்பத்தார் எழுதிக் கேட்டால் நகரசபை அதை எடுத்து வைத்தாக வேண்டும். டாப்னி இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார்.

அவர் தூங்குகிறார், எழுந்ததும் சொல்கிறேன் என்றேன். வெர்டெல் உண்மையிலேயே தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.

அன்று மாலை நூலகத்துக்குப் போய் அந்தப் பதிவைப் பார்த்தேன். திரும்பி வந்து பாத்திரம் கழுவினேன். ஏதாவது தோன்றும் என்று எனக்கே ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர் சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

டாப்னி விடாமல் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் மரியாதையாகவே பேசினேன். அவர் நகரசபைக்கு எழுதிய கடிதமும் சுற்றி என் மேசைக்குத்தான் வந்தது. குடும்பத்தின் கையெழுத்து இல்லை என்று பதில் எழுதினேன். அவர் நேரில் வந்த நாளில் வாசலில் சபை ஊழியர்களான டீக்கன்கள் இருவர் இருந்தார்கள். முறை நான் போட்டதுதான்.

வெர்டெலின் தங்கை ஆர்லீன் மெம்ஃபிஸிலிருந்து வந்திருந்தார். வாய்த்துடுக்கு அதிகம். வக்கீல் வைக்கவேண்டும், வழக்குப் போடவேண்டும் என்று வீடு முழுக்கச் சத்தம். நான் தொலைபேசியோடு வராந்தாவுக்குப் போய்ப் பேசுவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்.

"நீ துக்கம் கேக்க வந்தியா, காவல் காக்க வந்தியா?"

நான் சிரித்துவிட்டேன். இரவில் வெர்டெலின் காலைப் பிடித்துவிட்டபடியே, ஆர்லீன் பேசப் பேச உங்களுக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறதே என்றேன். அளந்து பார்த்ததில் ஏறித்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு ஆர்லீனை நானே பேருந்து நிலையத்தில் கொண்டு விட்டேன். வழியில் சாப்பிட பவுண்ட் கேக் கட்டிக் கொடுத்தேன். அதை அவர் என் கார் இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கினார்.

ஊர்மக்கள் கூட்டத்துக்கு நாள் குறித்தது நான். பதிவு அழிய வேண்டிய அந்த ஒரு மாதம் முடிந்த பிறகு வரும் முதல் வியாழன். உயர்நிலைப் பள்ளி விளையாட்டரங்கம் நிறைந்து வழிந்தது. எங்களிடம் இருக்கிற எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துவிட்டோம் என்று அறிவித்தேன். அன்றைக்கு அது உண்மை. டாப்னி எழுந்து நூலகக் கேமராவைப் பற்றிக் கேட்டார். அந்த நாளின் பதிவு எதுவும் அதில் இல்லை என்றேன். அதுவும் உண்மை. முன்வரிசையில் வெர்டெல் எழுந்து நின்று, "மேவிஸ் எங்க வீட்டு ஆளு, அவ சொன்னா சரிதான்" என்றார். கூட்டம் அதோடு அடங்கிவிட்டது. அன்றிரவு ஊரில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. அடுத்த மாதம் அந்தப் போலீஸ்காரர் வேலைக்குத் திரும்பினார். பிற மாநிலங்களிலிருந்து நகரசபைக்காரர்கள் வந்து, எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள்.

வெர்டெலுக்கு நஷ்ட ஈடு வேண்டாம், வழக்கு வேண்டாம். அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். கூட்டம் முடிந்து வந்து, சமையலறையில் காலணியைக் கூடக் கழற்றாமல் கேட்டார்.

"உண்மையச் சொல்லு, சிஸ்டர். எம்பிள்ள கையில ஏதாச்சும் இருந்துச்சா?"

"அது கடவுளுக்குத்தான் தெரியும், சிஸ்டர்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் அவர் கேட்கவே இல்லை. ஆனால் சுவரில் இருந்த ராண்டிலின் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார். ஒருவேளை துப்பாக்கி வைத்திருந்தானோ, வளர்ப்பில் தப்புப் பண்ணிவிட்டேனோ என்று சபையில் எல்லார் முன்னும் எழுந்து அழுதுகொண்டே சாட்சி சொன்னார். நான் பக்கத்தில் நின்று கைக்குட்டை கொடுத்தேன்.

நூலகக் கதவின் மின்பூட்டு, யார் சாவி அட்டைக்கு எப்போது திறந்தது என்று தானே குறித்து வைத்துக்கொள்ளும் என்பது நீங்கள் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்பேன். என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒன்றை அழியவிடுவது பொறுப்பில்லாத வேலை.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். அவன் கையில் ஒன்றும் இல்லை. இரண்டு கையும் தலைக்கு மேலே, விரல்கள் விரிந்தபடி இருந்தன. சுட்ட பிறகும் இடது கை சற்று நேரம் கீழே இறங்கவில்லை. சந்தேகம் வரக்கூடாது என்று திரும்ப ஓட்டியும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அழியவிட்டேன்.

வெர்டெலிடம் இதை நீங்கள் சொல்லியாகவேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் தனியாக இருக்கும்போது சொல்லிவிடாதீர்கள். முதலில் என்னைக் கூப்பிடுங்கள், நான் வந்து அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன். பாவம், அவருக்கு என்னை விட்டால் இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?