முகத்துவாரக் கம்பு

ஜேக்கப்புக்கு நண்டு தின்னத் தெரியாது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஓட்டோடு கடித்துவிட்டுப் பல் வலிக்கிறது என்பான். பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். எண்ணூரில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மாதான் உடைத்துக் கொடுப்பாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கும் அவனுக்கும் ஆகாது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையில்லை.

பி.ஏ.வில் விருப்பப் பாடம் ஒன்று எடுக்க வேண்டும். நான் வரலாறு எடுப்பதாக இருந்தேன். தர்க்கம் எடுக்கச் சொன்னவன் ஜேக்கப். "அது இன்னா பெரிய வித்தை மாமு? ரெண்டு வாக்கியம் குடுத்தா மூணாவது தானா வந்துடும். நான் சொல்லித் தரேன்" என்றான். எல்லா மனிதரும் இறப்பவர், கந்தன் மனிதன், ஆகவே கந்தன் இறப்பான். இதுவரை எனக்குப் புரிந்தது. அதற்குமேல் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்த வெள்ளிக்கிழமை பேராசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "லோகநாதா, இப்படியே போனால் மார்ச்சில் நீ தேறமாட்டாய். வரலாற்றில் ஒரே ஒரு இடம் காலியாக இருக்கிறது. திங்கட்கிழமை வந்து கேள்" என்றார். எங்கள் குப்பத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தேறாவிட்டால் திரும்பிப் போய்க் கட்டுமரம் தள்ள வேண்டியதுதான். அப்பா எனக்குத் துடுப்புகூடச் செதுக்கி வைத்திருந்தார். பேராசிரியர் சொன்னதை நான் ஒருவனிடம்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை போனபோது அந்த இடத்தில் ஜேக்கப் சேர்ந்திருந்தான். சனிக்கிழமையே போய்க் கேட்டுவிட்டானாம். தர்க்கத்தில் அவனும் தேறமாட்டானாம். இத்தனை நாளும் எனக்குச் சொல்லித் தந்துகொண்டிருந்தவன்.

சாயங்காலம் பேசின் பிரிட்ஜ் நிலையத்தில் அவனே வந்து தோளில் கை போட்டான். "கோச்சிக்காதே மாமு. பெயிலானா எங்க நைனா தோலை உரிச்சுடுவாரு. உனக்கு இன்னா, கடல் கீது" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். நான் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை நண்டு சாப்பிட வா என்றேன்.

எங்கள் ஊர் முகத்துவாரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே மணல் ஓரிடத்தில் நிற்காது. பெரிய மழைக்குப் பிறகு, தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, அந்த மாத முறைக்காரர் வீட்டு ஆள் இறங்கி நடந்து பார்ப்பார். முழங்கால் ஆழம் உள்ள இடத்தில் ஒரு சவுக்குக் கம்பை நட்டுச் சிவப்புத் துணி கட்டுவார். மீன்கூடைக்காரப் பெண்கள் மத்தியானத்துக்கு மேல் அந்தக் கம்பை வைத்துத்தான் அக்கரைக்கு நடப்பார்கள். யாரும் சந்தேகப்படுவதில்லை. முந்தின வாரம் நல்ல மழை. அந்த மாதம் எங்கள் வீட்டு முறை.

சாப்பிட்டு முடித்ததும் ஜேக்கப் அக்கரைத் தோப்புக்குப் போகலாம் என்றான். அவனுக்கு நீச்சல் தெரியாது. ஆனால் கம்பைத் தெரியும். எங்கள் அம்மாவோடு முன்பு நடந்து போயிருக்கிறான். எனக்கு வலை பிரிக்கிற வேலை இருக்கிறது, நீ முன்னால் போ என்றேன். "தோ, கம்பு கீது பார்" என்று அவனே காட்டினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது.

கம்பைத் தாண்டியதும் இடுப்புவரை போனான். திரும்பி என்னைப் பார்த்தான். "மாமு, சரியாத்தானே போறேன்?" என்று கேட்டான். போ, போ என்று கையை ஆட்டினேன். அவன் போனான்.

கூச்சல் போட்டு ஆட்களைக் கூப்பிட்டவனும் நான்தான். அதற்கு முன்னால் கம்பைப் பிடுங்கிச் சரியான இடத்தில் நட்டுவிட்டேன். கூடைக்காரர்கள் வரும் நேரம். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

கம்பு விஷயத்தை உங்களிடம் வந்து சொன்னது எங்கள் அம்மா சொக்கம்மாள்தான் என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே என்னிடம் கேட்டாள்: "காத்தால கம்பு அந்தாண்ட இருந்துச்சே. இப்போ இன்னாடா இந்தாண்ட கீது?" பெற்ற பிள்ளையைவிட நண்டு உடைத்துக் கொடுத்த பிள்ளை அவளுக்குப் பெரிதாகிவிட்டான். அவளும் அப்படிச் செய்வாள் என்று நான் நினைக்கவே இல்லை. இன்னும் ஆறவில்லை எனக்கு.

கம்பு இருக்கும் இடத்தில் ஆழம் இருக்காது. இங்கே கம்பு இருக்கிறது. ஆகவே இங்கே ஆழம் இருக்காது. ஜேக்கப் யோசித்ததில் தப்பே இல்லை, ஐயா. முதல் வாக்கியம் பொய்யானால், ஒழுங்காக யோசிப்பவனும் தப்பான இடத்தில் போய் நிற்பான் என்று பேராசிரியர் எத்தனையோ முறை சொன்னார். எனக்கு ஏறவே இல்லை. அன்று விடியற்காலையில் கம்பைப் பிடுங்கி, ஆழத்தின் ஓரத்தில் நட்டுத் துணியை இறுக்கிக் கட்டியபோது ஏறிவிட்டது.

மறுநாள் கல்லூரியில், வரலாற்றில் அந்த இடம் மறுபடியும் காலி, சேர்கிறாயா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். எனக்கு அது தேவைப்படவில்லை.

மார்ச்சில் பரீட்சை எழுத என்னை அனுப்புவீர்களா, ஐயா? தர்க்கம்தான். இந்தத் தடவை தேறிவிடுவேன்.