முதல் மூன்று நொடிக்கு ஒரு முகம்

என் மாமியார் சட்டைக் காலர் தைப்பதைப் பார்த்தால் யாருக்கும் தையல் கற்றுக்கொள்ள ஆசை வரும். அவ்வளவு நிதானமான கை. சும்மா புகழவில்லை; எங்கள் சேனலை முதல் நாளிலிருந்து பார்த்துவரும் உங்களில் சிலருக்காவது அது தெரியும். உளறிவிடக் கூடாது என்று எழுதி வைத்து வாசிக்கிறேன். பேச்சு கொஞ்சம் விறைப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தை தைப்பார், நான் படம் பிடித்து வெட்டி ஒட்டிப் போடுவேன். ஆரம்பத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். காரணம் அத்தையின் உபசாரம். "வாங்க, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியில் நூலே கோப்பார். அவர் சாப்பாட்டுக்கு வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். யார் எந்த நொடியில் போனார்கள் என்று கோடு போட்டுக் காட்டும் வசதி உண்டு. எங்கள் கோடு மாடியிலிருந்து தவறி விழுந்தவன் மாதிரி இருக்கும். முதல் மூன்று நொடிக்குள் பிடித்து உட்காரவைக்காவிட்டால், அதற்குப் பிறகு தங்கத்தையே தைத்தாலும் பிரயோஜனமில்லை.

நானும் கத்திப் பார்த்தேன், பெரிய எழுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒருநாள் அத்தையின் விரலில் மெஷின் ஊசி இறங்கிவிட்டது. வலி உறைப்பதற்கு முந்தைய அந்த முகம் இருக்கிறதே, அதைத் தூக்கி முன்னால் வைத்தேன். ஒருவர்கூட நகரவில்லை. மருந்தும் போட்டுவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

விரலைத் தினமும் குத்த முடியாது. நான் அப்படிப்பட்டவன் இல்லை. அதனால் வாயால் செய்தேன். கேமராவை ஓடவிட்டு, அத்தை எதிர்பார்க்காத நேரத்தில் ஏதாவது சொல்வேன். அடுப்பில் கேஸ் கசிகிறது என்பேன். வீட்டுக்காரர் காலிசெய்யச் சொல்லிவிட்டார் என்பேன். முகம் மாறும். வேண்டியது கிடைத்ததும் "சும்மா சொன்னேன் அத்தே" என்பேன். அவரும் "உங்களுக்கு வேற வேலையே இல்லையா மாப்ளே" என்று சிரித்துவிட்டுத் தைக்க உட்கார்வார். கூட்டம் கூடியது. துணிக்கடைக்காரர்கள் எங்களைத் தேடி வந்தார்கள். என் மனைவிதான், "அம்மாவைப் போட்டு ஏங்க இப்படிப் பாடாப் படுத்துறீங்க? என்னைக்காவது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழப்போறாங்க" என்றாள். அவள் பேச்சை நான் தட்டவில்லை. நெஞ்சைப் பிடிக்கும்படி எதுவும் சொன்னதில்லை, "உங்க பொண்ணு வண்டியில அடிபட்டுட்டா" என்று சொன்ன ஒருமுறை தவிர.

மனிதர்களுக்கு எதுவும் பழகிவிடும், அதுதான் சிக்கல். அத்தைக்கும் பழகிவிட்டது. நான் வாயைத் திறந்தாலே, "இன்னைக்கு யாரு மாப்ளே, நானா, அவளா?" என்பார். முகத்தில் ஒன்றும் தேறாது. நன்றாக யோசித்து, இனிப் பொய்யே சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். நிஜமாக ஏதாவது நடந்தால் அதைச் சொல்வது. அந்த முடிவில் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாமா போன் செய்தார். மாமா என்றால் அத்தையின் தம்பி, லாரி ஓட்டியவர். என் மனைவி கூப்பிடுகிறபடியே நானும் மாமா என்பேன். அக்காவும் தம்பியும் பேசிப் பல வருஷமாகிறது. ஏதோ ஒரு விருந்தில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடவில்லை என்ற சண்டை. ஆனாலும் "தம்பிகிட்டேருந்து போன் ஏதும் வந்துச்சா?" என்று அத்தை தினமும் என்னிடம் கேட்பார். என்னிடம் ஏன் என்றால், அவருடைய போனை நான் வாங்கி வைத்திருந்தேன். பக்கவாட்டிலிருந்து எடுக்க இரண்டாவது கேமரா வேண்டுமே.

மாமா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். மூச்சு வாங்கியது. "மாப்ளே, அக்காகிட்ட கொஞ்சம் குடுங்க. தப்பு எம்மேலதான்னு சொல்லணும். முடிஞ்சா ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க."

அத்தை பக்கத்து அறையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். "குளிக்கிறாங்க மாமா, சொல்றேன்" என்றேன். சொல்லாமல் விடும் எண்ணம் எனக்கு இல்லவே இல்லை, இதைக் கவனியுங்கள். வானம் மூடிக்கிடந்தது, அவ்வளவுதான். தையல் அறைக்கு ஜன்னல் வெளிச்சம்தான் எல்லாம். விளக்கில் எடுத்தால் முகம் மாவு பூசினது மாதிரி வரும். வெயில் வந்ததும் சொல்லலாம் என்று காத்திருந்தேன். என் மனைவியும் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தாள்.

மழை விட நாலு நாள் ஆயிற்று. ஜன்னலில் நல்ல வெயில் விழுந்த அன்று காலையில் மாமாவின் மகன் கூப்பிட்டான். மாமா இறந்துவிட்டார். "அத்தை வருவாங்கன்னு வாசலையே பாத்துட்டிருந்தாரு" என்றான். எனக்கும் துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் செய்தி முன்பைவிடப் பெரிதாகிவிட்டதை நான் கவனிக்காமல் இல்லை.

கேமராவை ஓடவிட்டேன். "அத்தே, மாமா தவறிட்டாரு" என்றேன். "உங்க தம்பி."

அத்தை சிரித்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போங்க மாப்ளே, சரக்கு தீந்துபோச்சா? அவன் என்னையத் தூக்கிப் போட்டுட்டுத்தான் போவான்" என்று சொல்லி நூலைப் பல்லால் கடித்தார். நிஜம் என்றேன். "ஆமா ஆமா, அன்னைக்கு எம்பொண்ணுகூட அடிபட்டுக் கிடந்தா" என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது, மறைப்பானேன். சாயங்காலம் என் மனைவி அழுதுகொண்டே வந்து கட்டிப்பிடித்தபோதுதான் நம்பினார். அந்த முகம் எனக்குக் கிடைக்கவில்லை. கேமரா சார்ஜில் இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. மாமாவின் மகன் அத்தையிடம் முகங்கொடுத்தே பேசவில்லை.

கையில் இருப்பதை வைத்துத்தானே பிழைக்க வேண்டும். 'தம்பி செத்த சேதி கேட்டுச் சிரிக்கும் அக்கா' என்று தலைப்புப் போட்டு ஏற்றினேன். எங்கள் சேனலில் அவ்வளவு பேர் பார்த்தது வேறெதுவும் இல்லை. கீழே நீங்கள் எழுதியதையும் படித்தேன். கல்நெஞ்சக்காரி, பிசாசு, இவளுக்கு நல்ல சாவே வராது. யாரோ அதை அத்தைக்குப் படித்துக் காட்டிவிட்டார்கள். அதிலிருந்து அவர் மெஷினைத் தொடுவதில்லை. "கடைசிவரைக்கும் அவன் என்னை நினைக்கவே இல்லையே மாப்ளே. ஒரு போன் பண்ணியிருந்தா ஓடியிருப்பேனே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

அவர்மேல் பழி நிற்கக் கூடாது. அதற்காகத்தான் இந்த வீடியோ. சிரித்தது அவர் தப்பில்லை. அப்படிப் பழக்கியது நான். மாமா கூப்பிட்டதை மறைத்ததும் நான்தான். உண்மையை உடைத்துச் சொல்லிவிட்டால் அவருக்கும் ஆறுதல், என் பாரமும் இறங்கும். உங்களிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இதோ, பக்கத்து அறையில்தான் இருக்கிறார். கேட்டதும் அவர் முகம் எப்படிப் போயிற்று என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். வெட்டி ஒட்டும்போது அதைத்தான் முதலில் வைத்திருப்பேன்.

"அத்தே, கொஞ்சம் இப்படி வாங்க. அங்க வேணாம், வெளிச்சத்துல நில்லுங்க. மாமா உங்களுக்குப் போன் பண்ணினாரு."