லின்சி கல்யாணத்துக்குப் போகாத ஹெரால்டு

சர்க்கரை இல்லாமல் டீ கேட்டேன், சர்க்கரை போட்டு வந்தது. குடித்துவிட்டேன். கொண்டுவந்த கான்ஸ்டபிளின் மனம் கோணக் கூடாது, அவ்வளவுதான். என் பெயர் சைமன். மோட்டார் பம்பு கம்பெனி ஒன்றில் முப்பத்தோரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்ஸ்பெக்டர் மெஹராஜ் மேடம், வெள்ளைத் தாளைக் கொடுத்து, "நடந்ததை நடந்தபடி நீங்களே எழுதிக் குடுத்துருங்க சார்" என்றீர்கள். எழுதுகிறேன். என் கையெழுத்து தெளிவாக இருக்கும். கம்பெனியில் அதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை.

வண்டி அறுபத்தொன்பதாம் வருடத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இரண்டு கதவு, ஆகாய நீலம். சின்ன வண்டி, பின் சீட்டில் மூன்றாவதாக ஒருவர் உட்கார வேண்டுமென்றால் அவர் மற்ற இருவருக்கும் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக என்னிடம் இருக்கிறது. எங்களுக்குக் குழந்தை இல்லை. இதை அனுதாபத்துக்காக எழுதவில்லை. பின் சீட்டு ஏன் இன்னும் புதிதாக இருக்கிறது என்பதற்குக் காரணம் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய ஸ்கூட்டர் திருடு போயிற்று. அன்றைக்கே மெக்கானிக் பங்காருவிடம் யோசனை கேட்டேன். அவர் இஞ்சினுக்குள் கையை விட்டு, கட்டைவிரல் பருமனில் ஒரு சாமானைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ரோட்டர் என்று பெயர். ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துக் கரண்டைப் பங்கு போடுவது அதுதான்.

"சங்கிலி, பூட்டெல்லாம் திருடனுக்கு ஒரு பொருட்டே இல்லீங்க சார். இதைக் கழட்டி ஜோப்புல போட்டுக்குங்க. அப்புறம் அவங்கப்பன் வந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாதுங்க" என்றார்.

திருடன் யாரும் வரவில்லை. கேட்கிறவர்கள்தான் வந்தார்கள். "ஏனுங்க, ஒரு நாளைக்கு வண்டி கெடைக்குங்களா" என்று வாசலில் நின்று குழைந்து கேட்பவரிடம், முகத்தில் அடித்தாற்போல இல்லையென்று எப்படிச் சொல்வது? எனக்கு வராது. "அதுக்கென்னங்க, எடுத்துக்குங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். சாவியையும் கொடுத்துவிடுவேன். ரோட்டர் மட்டும் என் ஜோப்பில் இருக்கும். அவர்கள் மனமும் கோணாது, வண்டியும் போகாது.

யோசித்துப் பாருங்கள் மேடம். திருடன் எடுத்தால் வண்டியோடு போயிற்று. கேட்டு எடுப்பவர் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். சீட்டில் ரோஜா இதழ் நசுங்கியிருக்கும், பானெட்டில் ஜிகினா ஒட்டியிருக்கும், நாம் காபி கொடுத்து அனுப்ப வேண்டும். எது பெரிய நஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்படியாக மூன்று கல்யாணம், பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா ஒன்று, ஆயர் வரவேற்பு ஒன்று. வரவேற்பன்று பாடகர் குழுவே வண்டியைத் தள்ளியது. பாடிக்கொண்டேதான் தள்ளினார்கள். கால் மைல் போனபிறகு ஆயர் இறங்கி அவர்களோடு நடந்தார். அவர் உடம்புக்கும் அது நல்லது. "பழசுங்க, நம்மளை மாதிரி அதுக்கும் இப்பெல்லாம் முடியறதில்லைங்க" என்று சொன்னேன். வருத்தத்தோடுதான் சொன்னேன். வண்டி அத்தனை தூரம் வெயிலில் நின்றதே என்ற வருத்தம்.

இனி லின்சி. என் மனைவி ஜெபராணியின் தம்பி வின்ஸ்டனின் ஒரே மகள். வின்ஸ்டன் பேக்கரி வைத்திருக்கிறார். மனைவி இறந்தபிறகு மகளைத் தனியாக வளர்த்தவர். போன மாதம் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், கல்யாணத்தன்னிக்கு நம்ம ஹெரால்டு வேணுமுங்க. அந்த வண்டியில கோயில்ல போய் எறங்கி, என்ற கையப் புடிச்சு நடந்து போகோணும்னு புள்ளை சின்னதுல இருந்து சொல்லிட்டே இருக்குதுங்க."

"அதுக்கென்னங்க மாப்பிள்ளை" என்றேன். ஜெபராணி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அதோடு அவர் விட்டிருக்கலாம்.

"ஸ்டார்ட் ஆகுமான்னு நீங்க கவலையே படாதீங்க மச்சான். பங்காருவைக் கூடவே இருக்கச் சொல்லிப்போட்டேன்" என்றார்.

பங்காரு பக்கத்தில் நின்றால் ரோட்டர் விஷயம் எத்தனை நிமிஷம் மறைந்திருக்கும்? வேறு வழியே இல்லாமல் போயிற்று. வண்டி இருந்தால்தானே கேட்பார்கள்.

செவ்வாய்க்கிழமை ஜெபராணியும் வின்ஸ்டனும் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்கத் தாராபுரம் போயிருந்தார்கள். பகல் பதினொரு மணிக்கு வண்டியை எடுத்தேன். நான் திருடிக்கொண்டு போகும்போது வழியில் மூன்று பேர் வணக்கம் வைத்தார்கள். டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் சிரித்தபடி வழிவிட்டார். தொண்டாமுத்தூரில் குழந்தையம்மாள் என்று ஒரு அம்மாள், எங்கள் கம்பெனியில் பம்பு வாங்கிய பழக்கம். அவர் தென்னந்தோப்பில் புண்ணாக்கு மூட்டை அடுக்கிய தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அதில் நிறுத்தி, ஜெபராணி தன் பழைய சேலைகளை இணைத்துத் தைத்த உறையைப் போர்த்தினேன். ரோட்டரைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வீடு வந்தேன். யார் வந்து விசாரித்தாலும் சொல்ல வேண்டாம் என்று அந்த அம்மாளிடம் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டால் செய்வார்கள், அப்படிப்பட்ட மனிதர்கள்.

சாயங்காலம் காலி ஷெட்டைப் பார்த்து ஜெபராணி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. நானே நிறுத்தி வைத்திருந்தாலும் பிரிவு பிரிவுதானே. அவள்தான் என்னை இந்த ஸ்டேஷனுக்கு இழுத்து வந்தாள். நீங்கள் அப்போது விடுப்பில் இருந்தீர்கள். ஏட்டு கேட்டார், "சமீபத்துல யாராவது வண்டி கேட்டாங்களா சார்?"

"வின்ஸ்டன் கேட்டாருங்க" என்றேன். அது உண்மை. நான் இந்த ஸ்டேஷனில் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வின்ஸ்டனை விசாரிக்கக் கூப்பிட்டார்கள். அவர் சட்டைப் பையில் ஒரு ஹெரால்டு ரோட்டர் இருந்தது. கல்யாணத்தன்று வண்டி நின்றுவிடக் கூடாதே என்று பழைய சாமான் கடைகளில் பத்து நாள் அலைந்து பங்காரு வாங்கிக் கொடுத்தது. பங்காருவைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அவர் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போயிருந்தார்; அங்கே போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவது அவர் பக்தி. ஏட்டு என்னை வரவழைத்து, "இது உங்க வண்டிக்குப் பொருந்துங்களா சார்?" என்று கேட்டார்.

பொருந்தும் என்றேன். வின்ஸ்டன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மச்சான், நீங்களே சொல்லுங்க மச்சான்" என்றார். எதைச் சொல்ல வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது ஸ்டோரில் எனக்கு ஊறிப்போன பழக்கம். ஏட்டு அந்த ரோட்டரைப் பொட்டலம் கட்டி அரக்கு வைத்தார். வின்ஸ்டனை ராத்திரியும் பெஞ்சிலேயே உட்கார வைத்தார்.

இன்று சனிக்கிழமை, காலை பத்தரைக்குத் திருமணத் திருப்பலி. அப்பா வரும்வரை காத்திருப்பேன் என்று லின்சி கோயில் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்க மறுத்தாள். பன்னிரண்டு மணிக்கு வேறொரு கல்யாணம் இருக்கிறது என்று ஃபாதர் கையைப் பிசைந்தார். தாராபுரத்துக்காரர்கள் இரண்டு பஸ்ஸில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். யாராவது பொறுப்பெடுக்க வேண்டுமில்லையா? "நான் இருக்கறனே கண்ணு" என்று கையை நீட்டினேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பீடம்வரை நடந்தாள். மேளதாளம் மாதிரி பியானோ சத்தம், எல்லோரும் எழுந்து நின்றார்கள். நல்ல நடைதான், எனக்கு மகள் இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். கண்கலங்கினேன். அவளும் அழுதாள். துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையைக் கொடுத்தேன். ரோட்டர் சுற்றியிருந்த கைக்குட்டை அது என்பது கொடுத்தபிறகுதான் ஞாபகம் வந்தது. ஃபோட்டோக்களில் லின்சியின் கன்னத்தில் கறுப்பாக ஒரு தீற்றல் தெரியும். கிரீஸ்தான், போய்விடும்.

அப்போது வெளியே லேசாகத் தூறியது. வண்டி நனையாத இடத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மனம் நிம்மதியாக இருந்தது.

மண்டபத்தில் இரண்டாவது பந்தியில் எனக்கு பிரியாணி வைக்கும்போது எல்லோருடைய போனும் ஒன்றாக ஒலித்தது. வீடியோ வந்திருந்தது. விடியற்காலையில் தொண்டாமுத்தூரில் ஒற்றை யானை ஒன்று புண்ணாக்கு வாசனைக்கு வந்து தகரத்தைப் பிய்த்து, குறுக்கே நின்ற ஹெரால்டை நெற்றியால் தள்ளி வயலில் விட்டுவிட்டு, மூட்டைகளை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. என்னைக் கேட்காமல் அந்த வண்டியை எடுத்த ஒரே ஜீவன் அதுதான். பின்பக்கம் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. யானைமேல் எனக்கு வருத்தமில்லை. அது சுற்றி வளைக்கவில்லை.

வீடியோவின் கடைசியில் குழந்தையம்மாள் வருகிறார். "நம்ம சைமன் சாரு வண்டிங்க. செவ்வாக்கெழமை அவருதான் நிறுத்திப்போட்டுப் போனாருங்க. யாரு வந்து கேட்டாலும் சொல்லாதீங்கன்னு சொன்னாருங்க. நானும் இதுவரைக்கும் ஒருத்தருகிட்டயும் மூச்சு உடலீங்க."

ஜெபராணி போனை என் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். விடுப்பு முடிந்து வந்திருந்த நீங்கள் அதற்குள் மண்டபத்துக்கே வந்துவிட்டீர்கள். இலையில் பாதி அப்படியே இருந்தது, எழுந்து உங்களோடு வந்துவிட்டேன்.

டிராக்டரில் கட்டி இழுத்துவந்து வண்டியை இங்கே வேப்பமரத்தடியில் நிறுத்தியிருக்கிறார்கள். லின்சி கல்யாணச் சேலையோடு வந்து என் எதிரில் நின்றாள். "குடுக்க மனசில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சந்தோசமா ஆட்டோவுலயே போயிருப்பேனுங்க மாமா. எங்கப்பா கையப் புடிச்சு நடக்கற நடை எனக்கு இனி எப்பங்க வரும்?" என்றாள். பதில் தெரியவில்லை என்று சொல்வதும் ஒரு வகையில் இல்லையென்று சொல்வதுதான். அதனால் சிரித்து வைத்தேன்.

வின்ஸ்டன் நல்ல மனிதர். பெஞ்சிலிருந்து எழுந்துவந்து உங்கள் முன்னால்தான் சொன்னார்: "கேஸெல்லாம் வேண்டாமுங்க மேடம். எம்புள்ளைய அந்த வண்டியில உக்கார வெச்சு, நானே கோயில் வாசல்வரைக்கும் ஓட்டிட்டுப் போய், கையப் புடிச்சு ஒருக்கா நடந்து வந்தர்றோம். அது போதுமுங்க. மச்சான், வண்டியக் குடுக்கறீங்களா?"

"அதுக்கென்னங்க மாப்பிள்ளை, எடுத்துக்குங்க" என்றேன். சாவியையும் கொடுத்தேன். ஜெபராணிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதை எழுதும்போது ஜன்னல் வழியாக எல்லாம் தெரிகிறது. பின் சீட்டில் லின்சி மாலையோடு உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் வின்ஸ்டன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முக்கால் மணி நேரமாக இருக்கிறார். பங்காரு பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ரோட்டர் இல்லை என்றார். அரக்கு வைத்த பொட்டலத்தைப் பிரிக்க கோர்ட் உத்தரவு வேண்டும் என்று நீங்கள் சொன்னது சரிதான், விதி என்றால் விதி. வண்டியிலிருந்த ரோட்டர் யானை தள்ளியபோது வயலில் விழுந்திருக்கும் என்று ஏட்டு இரண்டு பேரைத் தேட அனுப்பியிருக்கிறார். பங்காரு மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி என்னை இரண்டு தடவை பார்த்தார்.

எதையும் மறைக்கக் கூடாது என்று சொல்லித்தான் தாள் கொடுத்தீர்கள். ரோட்டர் என் இடது ஷூவுக்குள் இருக்கிறது. என் வண்டியை நான் காப்பாற்றினேன், யாரையும் நோகடிக்கவில்லை, யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. இப்போதும் கேட்டால் கொடுத்துவிடுவேன். ஆகையால் யாரும் கேட்காமல் இருக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.