பேய் நடக்கும் ரீல்

எல்லப்பன்: சொம்மா சொல்லலம்மா. மேல பால்கனியில ஈ காக்கா கெடையாது. கீழ நீங்க ரெண்டே பேரு. இதுக்கு எவ்ளோ நேரம் கரண்டு எரிக்கிறது?

ஜெசிந்தா: அதுக்கு? இப்பதான இன்டர்வெல்லு வுட்டீங்க. பாதியில எழுந்து போவச் சொல்றியா?

எல்லப்பன்: போவச் சொல்லலம்மா. இன்னியோட படத்தத் தூக்குறாங்க. சாயங்கால ஆட்டத்துக்குப் படப் பொட்டி மதுராந்தகம் தியேட்டருக்குப் போயாவணும். பஸ்சுல ஏத்தி உடணும். அதான், ஒரு ரீலைத் தாண்டி ஓட்டிடலாம்னு ஆப்பரேட்டரு...

ராமதாஸ்: எந்த ரீலு?

எல்லப்பன்: பேயி சவுக்குத் தோப்புல நடந்துகினே இருக்குமே, அது. அதனால கதைக்கு இன்னா ஆவப்போவுது? சொம்மா நடக்குது, நிக்குது, நடக்குது.

ராமதாஸ்: யோவ், அதாய்யா படமே!

ஜெசிந்தா: அய்யோ, அத்த மட்டும் எடுத்துடாதீங்க!

எல்லப்பன்: இன்னாது, ரெண்டு பேரும் சேந்து கத்துறீங்க? புருசன் பொண்டாட்டியா?

ஜெசிந்தா: உன் வாயில மண்ணு. இவரு யாருன்னே எனக்குத் தெரியாது.

எல்லப்பன்: தெரியாதுதான். நீ டெய்லி மேட்னி. இவரு டெய்லி செகண்ட் ஷோ, இன்னிக்கு அது இல்லன்னு மேட்னிக்கே வந்துட்டாரு. டிக்கெட்டு கிழிச்சி கிழிச்சி எனக்கே உங்க மூஞ்சி ரெண்டும் மனப்பாடம். ஊரே வேணாம்னு சொன்ன படம், உங்களுக்கு மட்டும் இன்னா கீதோ இதுல...

ராமதாஸ்: அண்ணே, எல்லப்பண்ணே. ஒரு ரீலு கொறையணும், அவ்ளோதான? அந்த மலேசியா பாட்டத் தூக்கிடு. பேய்ப் படத்துல எவன்யா மலேசியாவுக்குப் போறான்?

எல்லப்பன்: அதுல ஹீரோயினு ஆடுறாளேய்யா.

ராமதாஸ்: எங்க ரெண்டு பேருக்கும் அவ ஆட வேணாம். இன்னாக்கா?

ஜெசிந்தா: வேணவே வேணாம்.

எல்லப்பன்: ...சரி, சொல்லிப் பாக்குறேன். அந்தாளு மூடு எப்பிடி கீதோ. கேட்டாத்தான் உண்டு. சத்தியம் பண்ண மாட்டேன்.

ஜெசிந்தா: போ நைனா, கொஞ்சம் சீக்கிரம் போயிச் சொல்லு.

ராமதாஸ்: பயப்படாதக்கா. எல்லப்பன் நல்லவருதான். நீ குந்திக்கினு இரு, நான் போயி டீ வாங்கினு வரேன்.

ஜெசிந்தா: எனக்கு எதுக்கு? உனக்கு வாங்கிக்க.

ராமதாஸ்: தனியாத்தான் தெனம் குடிக்கிறேன். இன்னிக்காவது ஒரு ஆளு கூடக் குடிக்கிறேனே.

ஜெசிந்தா: ...சரி. சக்கரை கம்மியா.

ராமதாஸ்: இந்தாக்கா. சூடு... பாத்துப் புடி.

ஜெசிந்தா: உக்காரு. கால் வலிக்குதா?

ராமதாஸ்: அது பழைய வலி. லைட்டு ஆஃப் பண்ணிட்டாங்க பாரு. ஆரம்பிச்சிடுச்சி.

ஜெசிந்தா: பாட்டா, தோப்பா?

ராமதாஸ்: இன்னும் போலீசு சீனு கீது. அதுக்கப்புறம்தான் தெரியும். நீ எந்த ஊருக்கா?

ஜெசிந்தா: பொத்தேரி. காலேஜ் பசங்க ஹாஸ்டல்ல சமைக்கிறேன். மத்தியானம் பந்தி முடிஞ்சதும் ரயிலேறி வந்துடுவேன். நீ?

ராமதாஸ்: திருவிடந்தை. கோயிலாண்ட டூரிஸ்டு வண்டிங்களுக்கு டோக்கன் போடுறேன். கல்யாணம் ஆவணும்னு வேண்டிக்கினு வர்றவன் வண்டிக்கெல்லாம் நான்தான் டோக்கன்.

ஜெசிந்தா: உனக்கு ஆச்சா?

ராமதாஸ்: ஆச்சு. அது அவுங்கம்மா வூட்டுக்குப் போயி... வர்ல. வுடுக்கா. வூட்ல லைட்டு போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்.

ஜெசிந்தா: ம்... எனக்கும் அப்பிடித்தான். முன்னூறு பேருக்குச் சோறு போட்டுட்டு வூட்டுக்குப் போனா, ஒரு தட்டு எடுத்து வெக்கப் புடிக்காது.

ராமதாஸ்: நீ புக்கு படிச்சிருக்கியா? இந்தக் கதை மாச நாவலா வந்துச்சே. பஸ் ஸ்டாண்டு கடையில தொங்கும்.

ஜெசிந்தா: எனக்கு ஏது படிப்பு? என் பொண்ணு படிச்சிக் காட்டுவா. அடுப்பாண்ட குந்திக்கினு, பேய் மாதிரியே கொரல மாத்தி மாத்தி... நான் பயந்துகினு சாம்பார்ல ரெண்டு வாட்டி உப்பு போட்டுடுவேன்.

ராமதாஸ்: அப்ப உனக்குத் தெரியும். புக்குல அந்தப் பேயி யாரையும் கொல்லாது.

ஜெசிந்தா: கொல்லாது! தெருத்தெருவா கதவத் தட்டி, என் வூடு எதுன்னு கேக்கும். அவ்ளோதான். எவனும் சொல்ல மாட்டான்.

ராமதாஸ்: அதான்! மொத வாட்டி படமா எடுத்தானுங்களே தொண்ணூத்திரெண்டுல... அதுல வெள்ளப் பொடவ கட்டி அருவியாண்ட பாட்டுப் பாட வுட்டானுங்க. ஈசியாரு ரோட்டுல எங்கடா அருவி?

ஜெசிந்தா: அந்தப் படத்துக்கும் நாங்க ரெண்டு பேரும் வந்தோம். இதே கொட்டாய்தான். ஜனம் படியில குந்திக்கினு பாத்துச்சு. இவ அழுவுறா. பேயி பயமா கீதான்னு கேட்டா, ‘இல்லம்மா, தப்பா எடுத்துட்டாங்க’ன்றா.

ராமதாஸ்: நல்லா சொல்லுச்சு. இப்ப மறுபடி எடுக்குறேன்னு செல்போன்ல பேயைப் பேச வுட்டுட்டானுங்க. ஆனா ஒண்ணுக்கா. அந்த நடக்குற ரீலு மட்டும் புக்குல இருக்குற மாதிரியே கீது.

ஜெசிந்தா: கீது. அதுக்குத்தான் வரேன்.

ராமதாஸ்: அந்த ரீலு வரட்டும், உனக்கு ஒண்ணு சொல்லணும். எங்கூர்ல எவன்கிட்ட சொன்னாலும் சிரிக்கிறான். ரெண்டு பேரை டிக்கெட்டு எடுத்துக் கூட்டினு வந்தேன், கொறட்ட வுட்டானுங்க. நீ தூங்க மாட்ட. நீ நம்புவ.

ஜெசிந்தா: இன்னா விசயம்?

ராமதாஸ்: வரட்டும், வரட்டும்... பாத்துகினே சொன்னாத்தான் நல்லாருக்கும்.

ஜெசிந்தா: அப்ப நானும் உனக்கு ஒண்ணு சொல்றேன். இதுவரிக்கும் யாருக்கும் சொன்னதில்ல.

ராமதாஸ்: சொல்லுக்கா.

ஜெசிந்தா: அந்தப் பேயி... என் பொண்ணு.

ராமதாஸ்: ...இன்னா?

ஜெசிந்தா: சுஷ்மிதா. மூஞ்சிய முடி மூடிக்கினு கீதே, அதுதான். சினிமாவுல சேரணும்னு மெட்ராசு போனா. துணை நடிகைங்க கூட ரூம் எடுத்து இருந்தா. போன வருசம் பொங்கலுக்குப் போன் பண்ணா. ‘அம்மா, அந்தக் கதைய மறுபடி எடுக்குறாங்க, என்னைப் பேயா போட்டுட்டாங்க. மூஞ்சி தெரியாது, நீ கையப் பாத்துக் கண்டுபுடி’ன்னா.

ராமதாஸ்: ...அப்புறம்?

ஜெசிந்தா: அப்புறம் இன்னா... அந்த நம்பரு போவல. ரூமுக்குப் போனேன், காலி பண்ணிட்டாங்கன்னாங்க. நடிகைன்னா பிசியா இருக்க மாட்டாளா? அப்பிடித்தான் நெனச்சிக்கிறேன். இன்னாத்துக்கு நைனா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்ச்சி?

ராமதாஸ்: இல்ல... டீ சுட்டுடுச்சி.

ஜெசிந்தா: ஆறிப்போன டீ எங்க சுடுது உனக்கு... ஏ, ஏ, பாரு! மலேசியா வர்ல! தோப்பு!

ராமதாஸ்: போட்டுட்டான்... ஆப்பரேட்டரு நல்லாருக்கணும்.

ஜெசிந்தா: உஸ்ஸ்... பாத்தியா, கைய எப்பிடி மடிச்சி வெச்சிக்கினு போறா... சின்னதுல இருந்தே அப்பிடித்தான்.

ராமதாஸ்: ஆமாக்கா. உன் கை மாதிரியே கீது.

ஜெசிந்தா: நெசமாவா?

ராமதாஸ்: அச்சு அசலா உன் கைதான்.

ஜெசிந்தா: கால்ல செருப்பு கூட இல்ல. முள்ளு கெடக்காதா தோப்புல? எவ்ளோ தூரம் நடக்க வுடுறானுங்க பாவிங்க...

ராமதாஸ்: முள்ளெல்லாம் பெருக்கி எடுத்துட்டாங்கக்கா. அது எங்கூரு தோப்புதான். போன வருசம், சுனாமி வந்துட்டுப் போன கொஞ்ச மாசத்துல. நான் ஷூட்டிங்ல கயிறு கட்டி ஜனத்த ஓரம் கட்டுற வேலையில இருந்தேன்.

ஜெசிந்தா: அடப்பாவி! அப்ப அவளப் பாத்திருக்க!

ராமதாஸ்: ...பாத்தேன்.

ஜெசிந்தா: இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? எப்பிடி இருந்தா? எளச்சிருந்தாளா?

ராமதாஸ்: இல்ல, நல்லாத்தான் இருந்துச்சு. சிரிச்சி சிரிச்சி பேசிகினு... எல்லாருக்கும் அத்தப் புடிச்சிது.

ஜெசிந்தா: சாப்ட்டாளா?

ராமதாஸ்: சாப்ட்டுச்சே. கருவாட்டுக் கொழம்பு. கேட்டு வாங்கி ரெண்டாவது வாட்டி போட்டுக்கிச்சு.

ஜெசிந்தா: ...கருவாடா?

ராமதாஸ்: ஆமா. எங்கூரு கருவாடு. நல்லா கீதுன்னு சொல்லுச்சு.

ஜெசிந்தா: ம்...

ராமதாஸ்: அழுவாதக்கா.

ஜெசிந்தா: அழுவல. பாத்துகினு கீறேன். ...முடிஞ்சிடுச்சி பாரு. எவ்ளோ சீக்கிரம் முடிஞ்சிடுது. நீ இன்னாவோ சொல்றேன்னியே. ஊர்ல சிரிக்கிறாங்கன்னு.

ராமதாஸ்: ஒண்ணுமில்லக்கா. அந்தத் தோப்பு எங்கூருதுன்னுதான் சொல்ல வந்தேன்.

ஜெசிந்தா: அதுக்கா சிரிக்கிறானுங்க?

ராமதாஸ்: வேல வெட்டி இல்லாதவனுங்க.

எல்லப்பன்: ஏம்மா, திருப்தியா? உங்களுக்காகத்தான் ஹீரோயினைக் காவு குடுத்தோம். மிச்சம் கீற சண்ட ரீலையும் ஓட்டாம வுட்டுட்டோம். எழுந்துக்கோங்க, பொட்டி கட்டியாச்சு. கேட்டு பூட்டணும்.

ஜெசிந்தா: நைனா, மதுராந்தகத்துல எத்தினி நாளு ஓடும்?

எல்லப்பன்: அங்க ஓடுறதா? நாளைக்கோ மறுநாளோ தூக்கிடுவான். அப்புறம் பொட்டி மெட்ராசு குடோனுக்குப் போயி தூசி தின்னும். வாங்க, வாங்க.

ராமதாஸ்: அக்கா, நில்லு. நீ மதுராந்தகத்துக்கும் போவப்போறியா?

ஜெசிந்தா: போவேன். குடோனுக்குப் போற வரிக்கும் போவேன்.

ராமதாஸ்: அப்ப உன்கிட்ட மறைக்க எனக்கு மனசு வர்லக்கா. நீ இன்னா வேணா திட்டு. அன்னிக்கு... அன்னிக்கு அந்தப் பேயா நடிக்க வரவேண்டிய பொண்ணு வர்லக்கா. வேன் வந்துச்சு, உள்ள அது இல்ல. போன் மேல போன் போட்டாங்க. வெளிச்சம் போவுதுன்னு டைரக்டரு கத்துறாரு. அப்ப அங்க ஒல்லியா இருந்த ஒரு ஆளைப் புடிச்சி, பொடவ சுத்தி, வளையல மாட்டி...

ஜெசிந்தா: வேணாம் நைனா, சொல்லாத. நீ டீ வாங்கினு, படத்துல அது நடக்குற மாதிரியே நொண்டிக்கினு வந்தப்பவே அந்தப் பேயி நீதான்னு தெரிஞ்சிக்கினேன். என் பொண்ணு கருவாட்டு வாசன வந்தாலே தெருவத் தாண்டி ஓடுவா. பெத்தவளுக்குக் கை அடையாளம் தெரியாதா? மொத நாளே தெரியும், அது அவ இல்லன்னு. அது அவ இல்லன்னு வாயால ஒத்துக்கினா, அப்ப அவ எங்க கீறான்னு நான் தேடணுமே... எங்கன்னு போயி தேடுவேன், நீயே சொல்லு?